மூன்று அடி பிலிம்: தமிழ்த் தொலைக்காட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

பழைய படங்களையும் காமெடிக் காட்சிகளையும் ஒளிபரப்பும் தமிழ்த் தொலைக்காட்சிகளின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

கடந்த ஜனவரி 31, நாகேஷ் நினைவு நாள். அன்று மதியம் உங்களில் ஒரு சேனல் 'சர்வர் சுந்தரம்' போட்டது. நகைச்சுவை ஸ்பெஷல் என்று இரண்டு நாளாகவே விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. நானும் சாப்பாட்டைச் சீக்கிரமே முடித்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். படம் தொடங்கும்போது பெயர்கள் ஓடவில்லை. சரி, நேரம் போதவில்லை போலிருக்கிறது என்று விட்டேன். நாகேஷின் ஒல்லி முகம் பூசணிக்காய் மாதிரி அகன்று தெரிந்தது. அதையும் பொறுத்துக்கொண்டேன். கடைசியில், சுந்தரத்தின் தாய் விழுந்து அடிபடுகிற இடத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவே இல்லை. ஓட்டல் சர்வராக இருந்த சுந்தரம் பெரிய நடிகனாக நிற்கிறான், ஒரு சோப்பு விளம்பரம் வருகிறது, அது முடிந்தால் சமையல் நிகழ்ச்சி. தாய் சாகவில்லை. சுந்தரம் மறுபடி ஓட்டலுக்குத் திரும்பவில்லை. ஆனால் படம் முடிந்துவிட்டதாம்.

அந்தச் சேனலுக்குப் போன் போட்டேன். நாலு பேரிடம் மாற்றி மாற்றிக் கொடுத்து, கடைசியில் ஒரு தம்பி பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, அது காமெடி ஸ்லாட். அழுகை வந்தா ஜனங்க வேற சேனலுக்குப் போயிடுவாங்க. அதனால அந்தப் போர்ஷனை எடுத்துட்டோம்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்த உங்களிடம் பேசத்தான் இந்த மடல்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தாராபுரம் பக்கத்தில் ஒரு டூரிங் கொட்டகையில் 1974-ல், பதினாலு வயதில், ரீல் சுற்றுகிற பையனாகச் சேர்ந்தேன். அப்புறம் உதவி ஆபரேட்டர், அப்புறம் டவுன் தியேட்டரில் ஆபரேட்டர். 2012-ல் பிலிம் மெஷினைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் கொண்டுவந்து வைத்தார்கள். அன்றோடு என் வேலையும் முடிந்தது. முப்பத்தெட்டு வருடம் சினிமாவைக் கேபின் ஓட்டை வழியாகப் பார்த்தவன் நான். படத்தைப் பார்த்ததைவிட, படம் பார்க்கிற ஜனங்களின் பின்மண்டைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். எந்த இடத்தில் சிரிப்பார்கள், எந்த இடத்தில் மணலைக் கிளறிக்கொண்டு தலையைக் குனிவார்கள் என்பது எனக்கு மனப்பாடம்.

நாகேஷ் எங்கள் தாராபுரத்துக்காரர். 1933-ல் கன்னடம் பேசுகிற குடும்பத்தில் பிறந்து, இந்த ஊர்த் தெருக்களில் வளர்ந்தவர். வீட்டில் குண்டுராவ். அம்மைத் தழும்பு விழுந்த முகம், காற்றடித்தால் சாய்ந்துவிடும் என்பது போன்ற உடம்பு. இரண்டையும் வைத்துக்கொண்டு மெட்ராஸ் போய், ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டார். அப்படி ஒரு நாடகத்தில் அவருக்குக் கிடைத்தது வயிற்றுவலிக்காரன் வேடம், மேடைக்கு வந்து போகிற நேரம் கொஞ்சம்தான். அன்று தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர்., கதாநாயகனை விட்டுவிட்டு அந்த வயிற்றுவலிக்காரனைத்தான் மேடையில் பாராட்டினார். இந்தக் கதையை எங்கள் ஊரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இனி என் கொட்டகைக்கு வருகிறேன். 'சர்வர் சுந்தரம்' வெளிவந்தது 1964-ல். எங்களுக்கு அது பல ஊர் சுற்றி, பல கை மாறி, நான் சேர்ந்து ஒரு வருடம் கழித்துத்தான் வந்தது. வரும்போதே கடைசி ரீல் மோசம். ஓரத்து ஓட்டைகள் கிழிந்து, மெஷினில் ஏற்றினால் குதித்துக் குதித்து அறுந்துபோகும். முதல் நாள் இரண்டு தடவை அறுந்தது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஆபரேட்டர் அண்ணன், "இன்னிக்கு இதைத் தாண்டிப் போயிரலாம்டா" என்று, தாய் சாகிற பகுதியை வெட்டி எடுத்துவிட்டு முன்னும் பின்னும் சிமெண்ட் என்கிற பிலிம் பசை போட்டு ஒட்டினார். மறுநாள் படம் அப்படித்தான் ஓடியது. உங்கள் சேனல் செய்ததில் பாதியை அன்றைக்கு நாங்களும் செய்தோம்.

படம் முடிந்து ஜனங்கள் எழுந்து போகாமல் நின்றார்கள். கேபின் கதவைத் தட்டிய முதல் ஆள் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் சப்ளையராக இருந்த ஒருவர். அவர் முந்தின நாளும் வந்திருந்தார். படம் ஓடும்போது நாகேஷின் முகத்தை அவர் அதிகம் பார்க்கமாட்டார், கையைத்தான் பார்ப்பார். தட்டையும் டம்ளரையும் தூக்கிக்கொண்டு மேசைக்கு மேசை ஓடுகிற அந்தக் கையைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் தன் கையை நீட்டிக் காட்டுவார். சுடுதண்ணீர் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் வெந்து காய்த்த கை அது. அன்றைக்கு அவர் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "ஏனுங் ஆபரேட்டரே, அந்தம்மா செத்ததைக் காட்டாம உட்டுட்டீங்களே? அது இல்லாம அவன் எதுக்குத் திரும்பவும் சர்வர் வேலைக்கு வர்றான்னு சனங்களுக்கு எப்படீங் புரியும்?"

ஆபரேட்டர் அண்ணன் பதில் பேசவில்லை. அன்று ராத்திரி அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு, வெட்டிய துண்டை எடுத்து, கிழிந்த ஓட்டை ஒவ்வொன்றுக்கும் ஒட்டுப் போட்டோம். முடிக்கும்போது கோழி கூவிவிட்டது. அடுத்த நாள் அந்தக் காட்சி ஓடியது. படப்பிடிப்பில் இருக்கிற மகனுக்குத் தாய் அடிபட்ட சேதி போய்ச் சேரவில்லை. அவன் வீட்டுக்கு வரும்போது அவள் இல்லை. எஸ்.என். லட்சுமி அந்தத் தாய். அதுவரை வயிறு வலிக்கச் சிரித்த கொட்டகையில் மெஷின் சத்தம் தவிர ஒரு சத்தம் கிடையாது. யாரும் எழுந்து வெளியே போகவில்லை. 'அழுகை வந்தால் போய்விடுவார்கள்' என்று உங்கள் தம்பி சொன்னாரே, தரை டிக்கெட் வாங்கி, மணலைக் குவித்து உட்கார்ந்திருந்த அந்த ஜனங்கள் அதே படத்துக்கு மறுபடி மறுபடி வந்தார்கள்.

இந்த ஒரு படத்தோடு போயிருந்தால் நான் மடல் எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன். உங்கள் காமெடி நேரங்களில் தினமும் நடப்பதைச் சொல்கிறேன்.

'திருவிளையாடல்' தருமியை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதிகம் ஓட்டுகிற காட்சி அதுதான். 1965-ல் ஏ.பி. நாகராஜன் எடுத்த படம். சொக்கநாதர் கோயிலில் தருமி தனியாகப் புலம்புகிறார். ஒரு தூணைப் பார்க்கிறார், நிற்கிறார், ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு வேண்டாமென்று விடுகிறார், நாலு அடி நடக்கிறார், திரும்புகிறார். அந்த நிற்பதும் விடுவதும்தான் காட்சி. போன மாதம் ஒரு சேனலில் அதைப் பார்த்தேன். நிற்கிற இடத்தையெல்லாம் வெட்டிவிட்டு வசனத்தை மட்டும் கோத்திருந்தார்கள். தருமி மூச்சுவிடாமல் பேசுகிறார். அது போதாதென்று, அவர் கையை உதறுகிற இடத்தில் 'டொய்ங்' என்று ஒரு சத்தம். ஆயிரம் பொன்னுக்கு ஏங்குகிற ஓர் ஏழைப் புலவன் கடவுளிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான், அதற்கு நடுவில் டொய்ங்.

என் தொழில் கணக்கில் சொன்னால்தான் இது விளங்கும். பிலிம் ஒரு நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள், ஓடும். ஓர் அடிக்கு 16 பிரேம். ஆக, நாகேஷ் இரண்டு நொடி பேசாமல் நின்றால் அது மூன்று அடி பிலிம். எங்கள் காலத்தில் மூன்று அடியை வெட்டவேண்டுமானால் கத்தரியைக் கையில் எடுக்கவேண்டும், இரண்டு பக்கமும் சுரண்டவேண்டும், சிமெண்ட் தடவி அழுத்திப் பிடிக்கவேண்டும். அதைச் செய்வதற்குள் ஆள் இரண்டு முறை யோசித்துவிடுவான். இப்போது பட்டனைத் தட்டினால் போய்விடுகிறது. அந்த மூன்று அடியில்தான் ஜனங்கள் சிரிக்கத் தொடங்குவார்கள் என்பதைக் கேபினுக்குள் இருந்து ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அவர் பேசும்போது பாதிச் சிரிப்பு. பேச்சை நிறுத்தி முழித்தார் என்றால், கொட்டகைக் கீற்று ஆடும்.

அடுத்தது அந்தப் பூசணிக்காய் முகம். அந்தக் காலத்துப் படங்கள் நாலுக்கு மூன்று என்கிற கணக்கில், கொஞ்சம் சதுரமாக எடுக்கப்பட்டவை. இப்போதைய டிவி பதினாறுக்கு ஒன்பது. இரண்டு பக்கமும் கறுப்பாக விட்டால் படம் படமாகத் தெரியும். நீங்கள் அந்தக் கறுப்பை நிரப்பப் படத்தைப் பக்கவாட்டில் இழுக்கிறீர்கள். இழுத்தால் ஆள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பெருத்துவிடுவார். நாகேஷின் ஒல்லி உடம்புதான் அவருடைய மூலதனம் என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். இழுக்காமல் பெரிதாக்கினால் படத்தின் உயரத்தில் கால்வாசி போகும். ஆடுகிற நாகேஷுக்குக் காலைக் காணோம். இந்த மனிதர் காலால் ஆடினவர், ஐயா. முழங்கால் ஒரு பக்கம், பாதம் ஒரு பக்கம் போகும். அதைக் காட்டாமல் இடுப்புக்கு மேலே காட்டி என்ன பயன்?

'காதலிக்க நேரமில்லை'யில் செல்லப்பா தன் அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்லுகிற காட்சி. 1964, ஸ்ரீதர் படம். சொல்லுகிற நாகேஷும் கேட்கிற டி.எஸ். பாலையாவும் சேர்ந்தால்தான் அது காட்சி. நாகேஷ் குரலைத் தாழ்த்தத் தாழ்த்த, பாலையாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டே போகும். கடந்த வாரம் அதைப் போட்டபோது, பாலையாவின் தாடைக்கு நேராக ஒரு நகைக்கடை விளம்பரம் ஊர்ந்து போனது. மேலே சேனல் முத்திரை, ஓரத்தில் சீரியல் நேரம். பாலையாவுக்கு மிஞ்சியது கண்ணும் நெற்றியும். அந்தக் கண்ணை வைத்தே அவர் சிரிக்கவைத்தார் என்பது வேறு விஷயம்.

இன்னொன்று. காட்சி ஓடும்போது படத்தின் பெயர் பல சமயம் இருப்பதில்லை, ஆண்டு இருப்பதில்லை, கூட நடித்தவர் பெயர், வசனம் எழுதியவர் பெயர் எதுவும் கிடையாது. அந்தப் பேய்க்கதைக்குப் பின்னால் சித்ராலயா கோபு என்று ஒரு எழுத்தாளர் இருக்கிறார் என்று இன்றைக்குப் பார்க்கிற பிள்ளைக்கு யார் சொல்வது? என் பேத்திக்குத் தருமி வசனம் தலைகீழ்ப் பாடம். 'இவர் யாரு?' என்று கேட்டால், 'காமெடி தாத்தா' என்கிறாள். எட்டு வயதுப் பிள்ளை, அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் பார்த்ததெல்லாம் பெயரில்லாத துண்டுகள்.

நீங்கள் துண்டு போட்டதில் தொலைந்துபோனது என்ன என்று பாருங்கள். 'நீர்க்குமிழி' 1965. கே. பாலசந்தர் இயக்கிய முதல் படம், ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கிற கதை. தனக்குப் புற்றுநோய் என்று தெரியாமல் மற்ற நோயாளிகளைச் சிரிக்கவைத்துத் திரிகிறான் சேது, அது நாகேஷ். 'எதிர்நீச்சல்' மாது, பல குடித்தனங்கள் இருக்கிற வீட்டில் மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொண்டு, எல்லார் வீட்டு எடுபிடி வேலையும் செய்து படிக்கிற அநாதைப் பையன். ஜெயகாந்தன் தன் கதையைத் தானே படமாக எடுத்தாரே, 'யாருக்காக அழுதான்', அதில் ஜோசப். 'தில்லானா மோகனாம்பாள்' வைத்தியைக்கூட நீங்கள் காமெடி வரிசையில்தான் சேர்த்திருக்கிறீர்கள். முழுப்படத்தையும் பார்த்தவர்களுக்குத் தெரியும், வைத்தி சிரிக்கவைத்துக்கொண்டே ஒரு பெண்ணைப் பணக்காரர்களிடம் கொண்டுபோய்த் தள்ளப் பார்க்கிற தரகன். எங்கள் கொட்டகையில் பெண்கள் பகுதியிலிருந்து வைத்திக்கு வந்த வசவை எழுத முடியாது. அது அந்த நடிகருக்குக் கிடைத்த மரியாதை.

இளைஞர்களுக்குத் தெரிந்த படங்களுக்கே வருவோம். 'அபூர்வ சகோதரர்கள்' 1989-ல் அவர் வில்லன். 'மகளிர் மட்டும்' 1994-ல் அவர் பிணம், ஒரு வசனம் கிடையாது, கண்ணிமைக்கிற உரிமைகூடக் கிடையாது, ஆனால் அந்தக் காட்சிகளில் வேறு யாரையும் பார்க்கத் தோன்றாது. அதே ஆண்டு 'நம்மவர்'. மகளைப் பறிகொடுத்த பேராசிரியராக வருவார். நான் ஓட்டிய படங்களில், ரீல் மாற்ற மறந்து நின்றது அதில்தான். அந்த வேடத்துக்குத்தான் அவருக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. 1959-ல் 'தாமரைக்குளம்' படத்தில் தொடங்கியவருக்கு 35 வருடம் கழித்து வந்த ஒரே தேசிய விருது. பத்ம விருது கடைசிவரை வரவில்லை. 2009-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். நாட்டை ஆண்டவர்கள் கொடுக்காததை நீங்கள் கொடுங்கள் என்று நான் கேட்க முடியாது. அவர் நடித்து வைத்துவிட்டுப் போனதைக் குறைக்காமல் காட்டுங்கள் என்று கேட்கலாம் அல்லவா?

சந்திரபாபு, தங்கவேலு, மனோரமா, கவுண்டமணி, செந்தில் என்று எல்லாருக்கும் இதே கதிதான். எனக்கு நாகேஷை ரீல் ரீலாகத் தெரியும் என்பதால் அவரை வைத்துச் சொல்கிறேன்.

உங்கள் தரப்பு நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. விளம்பரம் இல்லாமல் சேனல் ஓடாது. டிக்கெட் விற்காமல் எங்கள் கொட்டகையும் ஓடியதில்லை. ஒரே மெஷின் என்பதால் ரீலுக்கு ரீல் இடைவேளை விட்டு முறுக்கு விற்றுத்தான் முதலாளி டீசல் போட்டார். விளம்பரத்தை இடையில் போடுங்கள், தாராளமாகப் போடுங்கள். படத்தின் மேல் போடாதீர்கள், படத்தை எடுத்துவிட்டுப் போடாதீர்கள்.

ஆகவே நான் கேட்பவை இவை.

முழுப்படம் என்று அறிவித்தால், பெயர்கள் ஓடுவதிலிருந்து வணக்கம் வரை முழுப்படத்தையும் போடுங்கள். நேரம் போதாது என்றால் அந்தப் படத்தை அன்று அறிவிக்காதீர்கள். குறைத்துத்தான் போடுகிறீர்கள் என்றால், 'சுருக்கப்பட்டது' என்று தொடக்கத்திலேயே திரையில் எழுதிவிடுங்கள்.

பழைய படங்களை இழுப்பதையும் பெரிதாக்கி ஓரங்களை வெட்டுவதையும் நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் கறுப்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

காமெடித் துண்டுகளில் நடிகர்கள் பேசாமல் நிற்கிற இடங்களைத் தொடாதீர்கள். மூலப்படத்தில் இல்லாத சத்தம் எதையும் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் படத்தின் பெயர், ஆண்டு, நடித்தவர்கள், வசனம் எழுதியவர், இயக்குநர் ஆகிய பெயர்களைப் படிக்கிற அளவுக்கு நேரம் விட்டுப் போடுங்கள்.

உங்களில் பலர் கையில் இந்தப் படங்களின் உரிமையும், சிலர் கையில் பிரிண்டும் நெகட்டிவும் இருக்கின்றன. டேப்புக்கு மாற்றியாகிவிட்டது என்று அவற்றைக் குடோனில் போட்டு வைத்திருந்தால், தயவுசெய்து வெளியே எடுத்துப் பாருங்கள். பிலிமில் புளித்த காடி வாசனை அடித்தால் அது கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1964-ல், 'சர்வர் சுந்தரம்' வெளிவந்த அதே ஆண்டில் தொடங்கியது. அங்கே ஒப்படைத்து ஒரு நல்ல பிரதியை எடுத்து வையுங்கள்.

வருகிற செப்டம்பர் 27 நாகேஷ் பிறந்தநாள். அன்று 'நீர்க்குமிழி'யைக் காமெடி என்று போடாமல் நாகேஷ் படம் என்று போடுங்கள். அடுத்த ஜனவரி 31-ல் 'சர்வர் சுந்தரம்' போடும்போது, தாய் இறக்கிற காட்சியும் சுந்தரம் ஓட்டலுக்குத் திரும்புகிற காட்சியும் இருக்கவேண்டும். அன்று மதியமும் நான் டிவி முன்னால்தான் இருப்பேன். என் பேத்தியையும் பக்கத்தில் உட்காரவைத்திருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சினிமா ஆபரேட்டர் ஒருவர்,
தாராபுரம் வட்டம்